எரியக் கூடாத இரண்டு பல்புகள்

அந்த வீட்டின் மூத்த மருமகளுக்கு ‘மீட்டர் அண்ணி’ என்று பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் அவள், மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கழுத்தில் மாட்டியபடியே வீட்டுக்கு வந்துவிடுவாள். தொழிற்சாலையில் அவள் கைபட்டு ஓடாத மோட்டார் கிடையாது. வீட்டிலோ, ஃபியூஸ் போடுவதைத் தாண்டி அவளிடம் யாரும் ஒரு வேலையும் ஒப்படைத்ததில்லை.

“வெளியாளைக் கூப்பிடு. வீட்டு ஆள் கெடுத்துட்டா, வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்க முடியுமா?” என்பது மாமியாரின் கட்சி.

கொழுந்தன் மூன்றாம் மாடியில் ஸ்வெட்டர் பின்னும் கூடம் வைத்திருந்தான். அங்கே புதிதாக வந்திறங்கிய பின்னல் இயந்திரம், இருநூறு வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடக்கூடியது. கட்டடத்துக்கு வருவதோ நானூறு வோல்ட். இரண்டுக்கும் நடுவே வைத்து வோல்டேஜைக் குறைக்க அவன் வாங்கிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர், நான்கு பேர் தூக்கியும் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, வந்த வண்டியிலேயே அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கு முந்நூறு ஸ்வெட்டர்கள் தருவதாக அவன் ஒப்புக்கொண்டிருந்தான். பத்து நாள்களே மிச்சமிருந்தன.

“ஒண்ணா ஏறாததை மூணா ஏத்தலாம், தம்பி” என்றாள் அண்ணி. “சின்னதா மூணு சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் போதும். முறையாக் கோத்தா, அந்தப் பெரிசு செய்யற வேலைய மூணும் சேர்ந்து செய்யும்.”

“எரிஞ்சுபோச்சுன்னா அண்ணி?”

“உங்க ஸ்வெட்டரும் போச்சு, இந்த வீட்டுல என் ஃபியூஸ் வேலையும் போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் தம்பியும், அவள் சொன்னபடி வாங்கிய மூன்று டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகளையும் மூச்சு வாங்க மேலே ஏற்றினார்கள். பெட்டிகளில் இருந்த ஒவ்வொரு கம்பிச் சுருளின் தொடக்க முனையிலும் அவள் முந்தின நாளே சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு சேர்த்துக்கொண்டே வந்தவள், கடைசி இணைப்பை மட்டும் முடுக்காமல் நிறுத்தினாள்.

“மீட்டர்ல பார்த்தா எனக்கு மட்டும்தான் தெரியும். பல்புல பார்த்தா எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லி, விட்டுவைத்த இடைவெளியில் இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாள். ஸ்விட்சைப் போட்டாள்.

பல்புகள் பளிச்சென்று எரிந்தன.

“சபாஷ்!” என்றான் கணவன். கொழுந்தன் கைதட்டினான். வேடிக்கை பார்க்க மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரின் உதட்டோரத்தில்கூட ஏதோ அசைந்தது. அண்ணிக்கு மட்டும் முகம் வெளிறிவிட்டது. சட்டென்று ஸ்விட்சை அணைத்தாள்.

“ஏன் அண்ணி, நல்லாத்தானே எரிஞ்சுது?”

“எரியவே கூடாது தம்பி. மூணும் சரியாச் சேர்ந்திருந்தா, ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டி இந்த இடத்துல ஒண்ணுமே மிஞ்சாது. இப்ப ஒண்ணு தலைகீழா நிக்குது. இப்படியே முடுக்கியிருந்தா மூணு பெட்டியும் புகைஞ்சிருக்கும்.”

அவள் குனிந்து ஒவ்வொரு பெட்டியாகச் சோதித்தாள். மூன்றாவதில் கை நின்றது. மின்சாரம் உள்ளே போகும் பக்கத்தில் பொட்டுகள் சரியாக இருந்தன. வெளிவரும் பக்கத்துக்குப் பொட்டு வைத்தபோது, அந்தப் பெட்டி சுவரை ஒட்டியிருந்தது. நகர்த்தச் சோம்பல்பட்டு மேலாக எட்டிக் குனிந்து வைத்தாள். அதில் இடம் வலமாகிவிட்டது. பெட்டி விற்றவன் தலையில் பழியைப் போட்டுவிட ஒரு கணம் நாக்குத் துறுதுறுத்தது.

“என் தப்புதான் அத்தை. பொட்டை மாத்தி வெச்சுட்டேன்.”

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த ரெண்டு பேரும் கைதட்டி ஆரவாரம் பண்ணினப்ப, நீ ஒருத்திதானே நிறுத்தினே? மாத்தி மாட்டு.”

இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாள். மறுபடியும் ஸ்விட்ச். பல்புகள் இருண்டே கிடந்தன. மின்சாரமே வராமல் இருண்டிருந்தால் என்ன செய்வது? மூன்று பெட்டிகளையும் மீட்டரால் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இருநூறு காட்டியது. இடைவெளியில் பூஜ்யம்.

“இப்பத் தட்டலாமா அண்ணி?” என்று கொழுந்தன் ரகசியக் குரலில் கேட்டான்.

“இப்பத் தட்டுங்க.”

மின்சாரத்தை நிறுத்தி, பல்புகளைக் கழற்றிவிட்டுக் கடைசி இணைப்பை முடுக்கினாள். இயந்திரம் ஒருமுறை உறுமி, பிறகு சீரான தாளத்துக்கு வந்தது. கால் மணி நேரத்தில் நீல நிறத்தில் ஒரு கை நீளத் துணி இறங்கியது. கொழுந்தன் அதை இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் சாப்பிடக் கிளம்பியபோது, அண்ணி இயந்திரத்தை அணைத்து, மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிட்டு, மூன்றாவது பெட்டியின் முன் உட்கார்ந்து தவறான பொட்டைச் சுரண்டத் தொடங்கினாள்.

“அதான் ஓடுதே, இன்னும் என்ன சுரண்டல்?” என்று மாமியார் அதட்டினார்.

“நாளைக்கு வேற யாராவது திறந்தா, இந்தப் பொட்டை நம்பித்தானே மாட்டுவாங்க, அத்தை.”

மாமியார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பெயிண்ட் டப்பாவைக் கையில் ஏந்திப் பிடித்தார்.

“இந்தத் தடவை நேரா உட்கார்ந்து வை” என்றார்.