லெஃப்ட்டு கால்

எங்கள் ஏரியா கபடி டீமில் முதல் ரெய்டு எப்போதுமே என் வீட்டுக்காரருடையதுதான். திருவொற்றியூரில் எந்தக் குப்பத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் போன வருஷத்திலிருந்து ரெய்டு போனால் வெறுங்கையோடு வந்தார், இல்லையென்றால் மாட்டிக்கொண்டார். பார்க்க வந்த கூட்டம் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டது.

இடது முட்டி போயிருந்தது. படியேறும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். வலி என்று வாய்விட்டுச் சொன்னது என் ஒருத்தியிடம்தான். "வெளிய யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சுது, அத்தோட நான் காலி" என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

டீம் கேப்டன் அவருடைய தோஸ்து. துறைமுகத்தில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். வாரத்தில் பாதி நாள் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வஞ்சிரத்தில் நடுத்துண்டை அவனுக்குத்தான் வைப்பேன். வாய் நிறைய அண்ணி அண்ணி என்பான். அதில்தான் ஏமாந்தேன். ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அவருக்கு இடது முட்டி சுத்தமா போச்சுப்பா. அந்தக் கால ஊனித் திரும்பவே முடியல. நான் சொன்னேன்னு காட்டிக்காத. ரெய்டு மட்டும் கொஞ்சம் கம்மியா குடு."

"நீ இன்னாத்துக்கு பேஜாராவுற அண்ணி? நான் கீறேன்ல."

கீறானாம்! நாசமாய்ப் போனவன்.

அடுத்த மாதமே பேச்சைக் கிளப்பினான். கத்திவாக்கம் டீமில் இளவட்டம் ஒருத்தன் பிரமாதமாக ஆடுகிறான், அவனை வாங்கிக்கொண்டு இவரைக் கொடுத்துவிடலாம் என்று. என் முகத்தைப் பார்த்தே கேட்டான்: "டீமு ஜெயிக்க வேணாமா அண்ணி?" வேண்டும்தான். ஆட முடியாதவரை வைத்துக்கொண்டு எல்லோரும் தோற்றுப்போங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆளை மாற்றினால், பழைய கேப்டனே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைக்க வேண்டும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவனும் ஒப்படைத்தான். "மாமுவுக்கு உடம்புல ஒரு குறையும் இல்ல, டைம்தான் சரியில்ல" என்று அவர்களிடம் துளிக்கூடக் கூசாமல் சொன்னான். என் வீட்டுக்காரர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்.

கோயில் திருவிழா மேட்ச்சில் இரண்டு டீமும் மோதின. புது ஜெர்சியில் முதல் ரெய்டு இவருக்குத்தான் கொடுத்தார்கள். பழைய வேகம் எங்கிருந்தோ வந்துவிட்டது. ஒருத்தனைத் தொட்டுவிட்டுக் கோட்டுப் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

அப்போதுதான் அவன் குரல் கேட்டது. மைதானம் முழுக்கக் கேட்டது.

"லெஃப்ட்டு கால புட்றா! அதான் போன காலு! லெஃப்ட்டு!"

நாலு பேர் அந்தக் காலின்மேல் விழுந்தார்கள். ஊரே கைதட்டியது.

மண்ணில் கிடந்தவர் தலையைத் தூக்கினார். அவனைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தில் தேடித் தேடி என்னைப் பார்த்தார்.