அவிழ்க்காத காப்பு

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குக் கட்டிய காப்பு. கட்டிக்கொண்டவர் நோம்பி முடியும்வரை ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. தங்கினால் ஊருக்கே தெய்வக் குத்தம். இவரோ சிறப்பு முகாம் என்று பெயர் வைத்த பூட்டுக்குள் கிடக்கிறார்.

எங்கள் ஊர்க் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர். பெற்றோர் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள். இவர் பிறந்ததே இங்கே ஓர் அகதி முகாமில். கல்யாணம் கட்டியது எங்கள் ஊர்ப் பெண்ணை. இந்தியன் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டது வழக்கானது. ஜாமீனில் ஊரில்தான் இருந்தார். காப்புக் கட்டிய மறுநாள் ஜீப் வந்துவிட்டது. அந்த அக்காவுக்குத் துணையாகத்தான் நான் பார்க்கப் போயிருந்தேன். முகாமை ஒட்டிப் புதுக் கட்டடம் ஒன்றும் எழும்பிக்கொண்டிருந்தது, இன்னும் ஆள் அடைக்க.

திரும்பும் பஸ்ஸிலேயே மனு எழுதினேன். காப்புக் கட்டிய எங்கள் ஆளை விடுங்கள், புதுக் கட்டடத்தை நிறுத்துங்கள், இப்படிக்கு ஊர்க்கோயில். கட்சி கேட்டால் அரசியல் என்பார்கள். கோயில் கேட்டால் காது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அக்காவிடம் அடித்துச் சொன்னேன்: "நோம்பிக்கு ஊட்ல இருப்பாருங்க்கா."

கோயில் கமிட்டித் தலைவர் என் பெரியப்பா. மனுவைப் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, படிச்ச பையன் நீ. அம்மனக் கொண்டுபோயி போலீசோட கோத்து உடறயே."

"எல்லை தாண்டப்படாதுன்னு சொல்லிக் கட்டுனது நீங்கதானுங்க பெரியப்பா."

"அவனா தாண்டுனான்? தூக்கிட்டுப் போனாங்க."

"அதாங்க, திருப்பிக் கேளுங்கன்னு சொல்றேன்."

பக்கத்திலிருந்த கமிட்டிக்காரர் சிரித்தார். "உட்டா ஜெயில்ல இருக்கறவனுக்கெல்லாம் கயிறு கட்டி வெளிய கூட்டியாந்துருவாப்பல."

மறுநாள் பூசாரியை விட்டு அம்மன் முன்னால் எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். அதோடு குத்தம் கழிந்துவிட்டதாம், அவர் காப்பும் அவிழ்ந்துவிட்டதாம். கை அங்கே கம்பிக்குப் பின்னால் இருக்க, இங்கே எதை அவிழ்த்தார்களோ.

அடுத்த முறை பார்க்கப் போனபோது முகாம் வாசலில் ஒரு டிப்பர் லாரி புதுக் கட்டடத்துக்கு எம்-சாண்ட் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. முகப்பில் எங்கள் அம்மன் படம். வண்டி பெரியப்பாவுடையது. அக்காவும் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

மஞ்சள் நீராட்டு முடிந்து ஊரே காப்பை அவிழ்த்துக் கிணற்றில் போட்டது. அன்று சாயங்காலம் அக்கா பண்ணையில், அவர் அடுக்கும் இடத்தில் நின்று முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நோம்பி முடிஞ்சுபோச்சே தம்பி," என்றாள், தலை தூக்காமல். "அவரு இன்னும் அவுக்கலயாம். ஊருக்கு வந்துதான் அவுப்பேங்கறாரு."

நானும் என் கையில் கட்டியதை அவிழ்க்கவில்லை. மனுவை மறுபடி எழுதிவிட்டேன். பக்கத்து ஊரில் வருகிற செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. கயிறு கட்டும் முன்பே அந்தக் கமிட்டி முன்னால் போய் நிற்கப்போகிறேன். கட்டிய கையைப் பிடித்து இழுத்துப்போனால் திருப்பிக் கேட்பீர்களா என்று கேட்பேன். கேட்போம் என்றால் மனுவில் கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த ஊர்.