சத்தம் போடாத வெள்ளப் பெட்டிகள்

உனைசியோடு எங்கள் தீவின் சுவா நகரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் தொழிற்கல்லூரியின் மின்னணுப் பிரிவில் அவள் ஆய்வக உதவியாளர். வகுப்பெடுக்கும் உரிமை அவளுக்குக் கிடையாது. ஆனால் பிள்ளைகள் ஈயத்தை உருக்கி உதிரிகளை ஒட்டும் சால்டரிங் பழகியது அவளிடம்தான்.

மின்சுற்று வரையும் மென்பொருள் வந்தபோது முதலில் மகிழ்ந்தவளும் அவள்தான். உதிரிகளைத் திரையில் இழுத்து வைத்து இணைத்தால், வேலை செய்யுமா என்று அதுவே ஓட்டிக் காட்டும். ஒரு சின்ன உதிரிகூடக் கப்பலில் வந்துசேர ஆறு வாரமாகிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

"இதுல எத்தனை வேணும்னாலும் எரிங்க. புகையும் வராது, நானும் திட்ட மாட்டேன்" என்பாள்.

பிரிவுத் தலைவர் அபிசாய்க்கு அது வேறு விதமாகப் பிடித்துப்போனது. திரையில் ஓடினாலே முழு மதிப்பெண் என்றார். செய்முறை வகுப்பை வாரம் ஒரு மணி நேரமாகச் சுருக்கினார்.

அந்த வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் வெள்ள எச்சரிக்கைப் பெட்டி வடிவமைத்தார்கள். ரேவா ஆறு ஏறி வந்து பெட்டியின் இரண்டு கம்பிகளைத் தொட்டால் மணி அலற வேண்டும். கரையோரக் கிராமம் ஒன்றுக்குப் பன்னிரண்டு பெட்டிகள் கொடுக்க விழாவும் ஏற்பாடானது. திரையில் மணி அழகாக அலறியது. பெட்டிகள் வெளியூரிலிருந்து முழுசாகச் செய்யப்பட்டே வந்து இறங்கின.

உனைசி ஒரு வாளியில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட முனகவில்லை. திரையில் பிள்ளைகள் தண்ணீருக்குப் பதிலாக ஒரு சுவிட்சை வைத்திருந்தார்கள். சுவிட்ச் மின்சாரத்தைத் தாராளமாக விடும். ஆற்றுநீர் கொஞ்சம்தான் விடும். மணியை எழுப்ப அது போதவில்லை.

நேராக அபிசாயிடம் போனாள். நானும் கூட நின்றேன்.

"சார், இதைக் கொடுக்கக் கூடாது. அந்தக் கொஞ்ச மின்சாரத்தைப் பெருக்க ஒரு டிரான்சிஸ்டர் கூடுதலா வைக்கணும், நம்மகிட்டயே இருக்கு. ரெண்டு வாரம் குடுங்க, பிள்ளைங்களே செஞ்சிருவாங்க."

"திரையில அடிக்குதில்ல?"

"திரையில தண்ணியே இல்லையே சார்!"

"வெள்ளிக்கிழமை அமைச்சர் வர்றார், உனைசி. சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போடு, போதும்."

"மாட்டேன்."

அவர் அடுத்து அதைப் பற்றிப் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பெட்டிகளில் ஒட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தோம். பழைய தாள் ஒன்றிலிருந்து அவள் கையெழுத்தைப் படமெடுத்துப் பன்னிரண்டிலும் அச்சிட்டிருந்தார்கள். உனைசி கிராமத்துக்குப் போகும் கல்லூரி வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

கிராமத்து விழாவில் அமைச்சரின் பக்கத்தில் நின்று அபிசாய் உயிர் காக்கும் கல்வி என்று பேசிக்கொண்டிருந்தார். உனைசி எழுந்து போய்ச் சமையல் பெண்களிடம் ஒரு பாத்திரம் வாங்கி, ஆற்றில் மொண்டு வந்து எல்லோர் முன்னாலும் வைத்தாள். ஒரு பெட்டியின் கம்பிகளை அதில் முக்கினாள். மணி அடிக்கவில்லை.

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்று அபிசாய் சிரித்தார்.

கிராமத் தலைவர் ஒசேயா சிரிக்கவில்லை. "போன வெள்ளத்துல என் தங்கச்சி வீடு போச்சு, சார். இதை நம்பித் தூங்கச் சொல்றீங்களா? எடுத்துட்டுப் போங்க."

கல்லூரியில் விசாரணை நடந்தது. 'ஆற்றுநீரின் தரக்குறைவால் ஏற்பட்ட சிறு சிக்கல்' என்று முடிவு எழுதினார்கள். குறை ஆற்றின் மேல் போய் விழுந்தது! கள்ளக் கையெழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அபிசாய்க்குப் பாடத்திட்டக் குழுவில் இடம் கிடைத்தது. விருந்தினரை அவமதித்ததாக உனைசிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதன் பின்பக்கத்திலேயே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது நௌசோரி என்ற ஊரில் தண்ணீர் பம்புகள் பழுதுபார்க்கிறாள். போன மாதம் அங்கே போயிருந்தேன்.

"விசாரணையில நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"என்னை யாரும் கேக்கலையே" என்றேன்.

"கேக்காம நீயா சொல்லியிருக்கலாம்ல?"

அவள் முன்னாலிருந்த பம்பின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.