நீலம் மட்டும் போதும்

மேசைமேல் இரண்டு கைப்பட்டைகள் இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கோயில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் படாத பட்டை வெள்ளையாக இருக்கும், அளவுக்கு மீறிப் பட்டால் நீலமாகும் என்று சனங்களுக்குக் காட்ட, எங்கள் குழுத் தலைவி முந்தைய நாள் துணிச்சாயத்தில் தோய்த்து எடுத்ததுதான் அந்த நீலம். இரண்டு பட்டைக்குள்ளும் எதுவும் கிடையாது.

உண்மையான பொருள் பல்கலைக்கழக ஆய்வகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. மரபணு மாற்றிய பாக்டீரியாவுக்கு விதி அப்படி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுத் தன் மரபணு சிதைந்தால், பாக்டீரியா அதைப் பழுதுபார்க்கத் தொடங்கும். அந்தத் தொடக்கத்தோடு நீல நிறமியைச் செய்யும் மரபணு ஒன்றை, அறிவியல் போட்டி ஒன்றுக்காக, எங்கள் குழு மாணவர்கள் இணைத்திருந்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பாக்டீரியாவை வளர்த்து இருட்டுப் பெட்டியில் வைத்த தட்டும் சில வாரங்களில் நீலமானது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. நான் அறிவியல் மாணவன் இல்லை. தோட்டத்து மக்களிடம் தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்திருந்தார்கள். தலைவி கரங்கான் ஊர்க்காரர், என்னைவிட இரண்டு ஆண்டு மூத்தவர். என் குறிப்புகளில் 'நிச்சயம்' என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

அன்று முதல் தவறு என்னுடையது. துண்டறிக்கையில் பாக்டீரியாவைக் 'கிருமி' என்று எழுதியிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "வெயில்லயும் நிக்கணும், கையில கிருமியையும் கட்டிக்கணுமா லா?" என்று கேட்க, மண்டபம் சிரித்தது. அதன் பிறகு நாங்கள் சொன்ன எதையும் யாரும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவரைத் தவிர. மருந்து அடிக்கும் வேலையில் இருந்த ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். வெயில் பட்டால் கன்னங்கள் சிவந்து தடிக்கும், விரல் மூட்டுகள் மடங்காது. வெயிலில் நிற்கக்கூடாது என்று கிளினிக்கில் கொடுத்த கடிதம் தோட்ட ஆபீஸில் கிடந்தது. நர்சரியில் நிழல் வலைக்குக் கீழே கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலைக்கு மாற்றச் சொல்லி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பலமுறை கேட்டிருக்கிறார். எல்லாரும்தானே வெயிலில் நிற்கிறார்கள் என்பதே பதில். கூட்டம் கலைந்த பிறகு அவர் மேசைக்கு வந்து நீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

தலைவி பொறுமையாகச் சொன்னார். இது மாதிரிக்குச் செய்தது, வெறும் சாயம், வெயில் பட்டாலும் படாவிட்டாலும் இப்படியேதான் இருக்கும். ஆராய்ச்சி முடிந்ததும் உண்மையானதை, வெள்ளையாகவே, கொண்டுவந்து தருகிறோம்.

"வெள்ளைய வச்சு நான் என்ன செய்ய தங்கச்சி? நீலம் மட்டும் போதும்."

"பொய் சொன்ன மாதிரி ஆயிடும்கா."

"நான் வாயே திறக்க மாட்டேன். கட்டிக்கிட்டு வேலைக்குப் போவேன், அவ்வளவுதான்."

'நிச்சயம்' என்ற சொல்லையே பொறுக்காத தலைவி, அந்தப் பட்டையை எடுத்துத் தன் கையாலேயே அவருக்குக் கட்டிவிட்டார். ஏன் என்று காரில் கேட்டேன். "தெரியல. பேசாம ஓட்டு," என்றார்.

பத்து நாளில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நர்சரிக்கு மாற்றிவிட்டார்களாம். கையில் என்ன என்று மண்டோர் கேட்டபோது, யுனிவர்சிட்டி பிள்ளைகள் கொடுத்தது, வெயில் பட்டால் நீலமாகும் என்று கூட்டத்தில் சொன்னார்கள் என்றாராம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலைவிக்கு அது போதவில்லை. மண்டோரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று அடுத்த சனிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். சொன்னால் அந்த அம்மா மறுபடி வெயிலுக்குப் போவார் என்றேன். அதுவும் தெரியும் என்றார்.

நிழல் வலைக்குக் கீழே அந்த அம்மா கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கை நின்றது. மண்டோர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். தலைவி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மண்டோர் வெற்றிலைக் கறை படிந்த பற்களைக் காட்டிச் சிரித்தார்.

"தெரியும் மிஸ். மழையில நனைஞ்சு அவங்க கையெல்லாம் சாயம். எனக்கும் ஆபீஸ்ல மேல சொல்ல ஒண்ணு வேணும்ல? கடிதாசின்னு சொன்னா தூக்கி ஃபைல்ல போடுவாங்க. யுனிவர்சிட்டி மிஷின்னு சொன்னேன், சரின்னுட்டாங்க."

 தலைவி, ஆபீஸுக்கு முறையாக ஒரு கடிதம் எழுதுகிறேன், மருத்துவக் காரணத்தை விளக்குகிறேன், பட்டையைப் பற்றிய உண்மையையும் சேர்த்தே எழுதுகிறேன் என்றார்.

"எழுதாதீங்க மிஸ். நீங்க எழுதுனா படிப்பாங்க."

அந்த அம்மா தலை நிமிராமல் அடுத்த பையை விரித்தார்.

தலைவி எழுதவில்லை. கோலாலம்பூரில் போட்டியின் இறுதிச் சுற்றில் நடுவர் ஒருவர், இதை யாராவது அணிந்து பார்த்ததுண்டா என்று கேட்டார். நான் அரங்கின் ஓரத்தில் கேமராவோடு நின்றேன்.  மேடையில் தலைவி, "இல்லை," என்றார். மதிப்பெண் அங்கேதான் போனது என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

பாக்டீரியாவை யாரும் அணியவில்லை, எனவே அது உண்மை. ஆனால் அந்தப் பட்டை செய்த ஒரே காரியம் அந்த அம்மாவின் கையில்தான் நடந்தது, எனவே அது பொய். இன்று நாளிதழில் பிறர் எழுதும் செய்தியில் எது சரி, எது தவறு என்று பார்ப்பதே என் பிழைப்பு. அந்த 'இல்லை'யை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. லூனாஸில் ஒரு திருமணத்தில் தலைவியைப் பார்த்தபோது கேட்டேன். அவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, இருட்டுப் பெட்டியில் வைத்த தட்டு ஏன் நீலமானது என்று முதலில் சொல், பிறகு இதற்கு வருகிறேன் என்றார்.

அந்த அம்மா ஓய்வு பெறும்வரை நர்சரியிலேயே இருந்தார். மண்டோரும் வேலையை விட்டுவிட்டார். அந்தப் பகுதியை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், வலையும் இல்லை, கன்றுகளும் இல்லை. இப்போது நான் இதை எழுதினால் யாருடைய நிழலும் போகாது.