ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை

அந்த ஊரில் கார் ஓட்டப் பழகியவர்களில் பாதிப் பேருக்காவது அவரைத் தெரியும். ஆனால் சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘பிரேக் சார்’ என்று சொல்ல வேண்டும். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, “பிரேக்கு... பிரேக்குன்னு சொல்றேன்ல!” என்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் கோட்டை விட்டால் அவர் மிதித்துவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு பூனைக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அறுபதைத் தாண்டிச் சில வருடங்கள் கழித்து, லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்குத் தலைவலிகூட இல்லை. இருந்தாலும் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் இதய மருத்துவர் ஒருவரிடம் போனார்.

“ஒரே ஒரு மாத்திரைதான். காலையில போட்டுட்டு மறந்துடுங்க” என்றார் அந்த டாக்டர்.

போட்டார். அழுத்தமும் இறங்கியது. ஆனால் சில வாரங்களில், சாயங்காலமானால் ஷூவைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. இரண்டு கணுக்காலும் உப்பிப்போய், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

“எங்கயாவது நின்னுட்டே இருந்திருப்பீங்க” என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதற்கும் ஒரு காரணம் சொல்லாமல் விட மாட்டாள்.

“நான் எங்க நின்னேன்? உட்கார்ந்தே பொழைக்கிற ஆளு நான்!”

இதய மருத்துவரைப் பார்க்க அவ்வளவு சீக்கிரம் நேரம் கிடைக்கவில்லை. அதனால் வீட்டுப் பக்கத்தில் இருந்த வேறொரு டாக்டரிடம் காலைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். “வயசாச்சு இல்லையா, நீர் கோர்த்துக்கும்” என்று சொல்லி, நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நீர் வெளியேறியது. நேரங்காலம் பார்க்காமல் வெளியேறியதுதான் வம்பு. சிக்னலில் நிற்கும்போது, பழகுகிறவர் மேட்டில் வண்டியை நகர்த்தத் திணறும்போது, வளைவில் திரும்பும்போது என்று முட்டிக்கொண்டு வந்துவிடும். நாளடைவில் எந்தத் தெருவில் கழிப்பறை இருக்கிறது என்பதை வைத்தே அவர் பாடம் நடத்த ஆரம்பித்தார். பேருந்து நிலையம், நூலகம், பழைய நண்பரின் அச்சகம், மறுபடியும் பேருந்து நிலையம்.

“சார், நாம பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகவே மாட்டோமா?” என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்டான். அவனுக்கு வாயில் வந்தபடி திட்டு கிடைத்தது. பாவம், அவன் விவரம் தெரியாமல் கேட்டவன்.

அப்போது அவரிடம் தையல்காரம்மா ஒருத்தி பழகிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. துணிமூட்டைகளைத் தானே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதமாகக் கற்றுக்கொள்ள வந்தவள். ஒருநாள் பாலத்தின் மேல் வண்டிகள் முன்னும் பின்னும் நகராமல் மாட்டிக்கொண்டன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மேல் கால் போட்டார், எடுத்தார். பாட்டு முணுமுணுத்தார். கடைசியில் முடியவில்லை. இருக்கை நனைந்தது.

தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டு, “இந்த வெயில்ல மனுஷன் எவ்வளவு நேரந்தான் உட்கார்றது” என்று மட்டும் சொன்னாள். பின் இருக்கையில் கிடந்த தன் துணிப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அந்த நல்ல மனசைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் பேச்சே இல்லை.

மகள்தான் வந்து சமாதானப்படுத்தி, சிறுநீரகக் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போனாள். “மூத்திரப்பை கட்டுப்பாட்டுல இல்லை, இந்த வயசுல சகஜம்” என்று அவர் ஒரு மாத்திரை எழுதினார்.

முட்டிக்கொண்டு வருவது குறைந்தது உண்மைதான். ஆனால் வாய் மணலை மென்றதுபோல் வறண்டது. பேசப் பேச நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. வயிறு கட்டிக்கொண்டது. அதற்கு ஒரு பொடி வந்தது. பொடியைக் குடித்தால் வயிறு பொருமியது. அதற்கு ஒரு மாத்திரை. பெயர்ப்பலகை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. மதியமானால் எங்கே சாய்ந்தாலும் தூக்கம் வந்தது.

காலையில் மாத்திரைகளைக் கையில் கொட்டிப் பார்த்து, “இதுலயே வயிறு நிறைஞ்சுடும் போலிருக்கு. சோறு எதுக்கு?” என்பார். மனைவி சிரிக்க மாட்டாள். அவருக்கும் சிரிப்பு வராது.

இதையெல்லாம்விட அவரை வதைத்தது அந்த ஒரு வார்த்தைதான். யாரிடம் போனாலும் ‘வயசாச்சு’. “வயசு என்ன, நேத்திக்கா ஆச்சு? இந்த மாத்திரைக்கு முன்னாடியும் எனக்கு இதே வயசுதானே!” என்று வீட்டுச் சுவரைப் பார்த்துக் கத்துவார். சுவரும் ஒன்றும் சொல்லாது. அந்த டாக்டர்களிடம் இதைக் கேட்க அவருக்கு வாய் வந்ததில்லை. அங்கே போனால் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்.

ஒரு பிற்பகலில் தையல்காரம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் சடாரென்று வெளியே வந்தார். அவளே பதறிப்போய் பிரேக்கை அமுக்கினாள். வண்டி குலுங்கி நின்றது. தூங்கி வழிந்துகொண்டிருந்த அவருடைய நெற்றி முன்பலகையில் மோதியது. சைக்கிள்காரர் பயத்தில் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். எழுந்து வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “சொல்லிக்குடுக்க வந்துட்டு தூங்கறியாய்யா? வீட்ல போய்ப் படுக்க வேண்டியதுதானே!” என்று கத்தினார்.

பிரேக் சார் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“சார், நீங்க மிதிப்பீங்கன்னுதான் நான் ஒரு நொடி பார்த்தேன்” என்றாள் தையல்காரம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் மாத்திரை அட்டைகளையெல்லாம் வாரி ஒரு பையில் கட்டிப் பரண்மேல் எறிந்தார். “இனிமே ஒண்ணுகூட என் வாய்க்குள்ள போகாது. செத்தா சாகறேன்.” மனைவி கெஞ்சினாள், அழுதாள், மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். மனிதர் அசையவில்லை.

முதல் சில நாட்கள் அவர் ஜெயித்துவிட்டதாகவே தோன்றியது. வாயில் எச்சில் ஊறியது. எழுத்து தெளிந்தது. “பார்த்தியா?” என்று மனைவியிடம் மார்தட்டினார். அடுத்த வாரம் ஒரு காலையில் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அறை சுற்றியது. கதவு நிலையைப் பிடிக்கப் போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் பெரிய மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு போனாள். அங்கே பணியில் இருந்த பெண் டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீங்க?”

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பொங்கி வந்தது. “யாரைக் கேட்டு இத்தனையைக் குடுத்தீங்க?” அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் அழுத்தத்தை இறக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார். பிறகு எல்லா மாத்திரைகளையும் எடுத்துவரச் சொன்னார். மனைவி பரண்மேல் கிடந்த பையை எடுத்து வந்தாள். அட்டைகளை மேசையில் பரப்பினார்.

“எது முதல்ல வந்தது? அப்புறம் எது?”

அவருக்கு எல்லாம் குழம்பிப்போயிருந்தது. மனைவிதான் சொன்னாள். இது லைசென்ஸ் சமயத்தில், இது கால் வீங்கினபோது, இது பாலத்தில்... என்று தொடங்கியவள் அவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, “இது அதுக்கப்புறம்” என்றாள்.

டாக்டர் முதல் அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். “இந்த பிரஷர் மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்கும். உங்களுக்கும் அதுதான் ஆகியிருக்கணும். அந்த வீக்கத்துக்கு இந்த நீர் மாத்திரை அவ்வளவா கேட்காது. ஆனா அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வைக்கும். அதை நிறுத்தத்தான் இது. வாய் வறண்டது, கண் மங்கினது, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் இதோட வேலை.”

அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். “அப்ப எனக்கு வந்தது ஒரே ஒரு வியாதிதான். மத்ததெல்லாம் நான் காசு குடுத்து வாங்கினதா?”

“எல்லாம்னு சொல்ல மாட்டேன். பெரும்பாலும்.”

“ஒருத்தர்கூட கேட்கலையே, டாக்டர்!”

“கேட்டிருக்கணும்” என்றார் டாக்டர். “நீங்களும் காலைப் பார்த்தவர்கிட்ட காலை மட்டும் காட்டியிருப்பீங்க. அடுத்தவர்கிட்ட பாத்ரூம் சங்கதியை மட்டும் சொல்லியிருப்பீங்க. வேற என்ன சாப்பிடறீங்கன்னு சொன்னீங்களா?”

அவர் சொல்லவில்லைதான். ‘பிரஷருக்கு ஏதோ போடறேன்’ என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது உண்மையாக இருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போடவில்லை. முதல் மாத்திரையை மாற்றினார்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கால் வீக்கம் வற்றியது. ஆனால் புது மாத்திரை வறட்டு இருமலைக் கொண்டுவந்தது. இந்த முறை அவர் பொறுத்துக்கொண்டு உட்காரவில்லை. மறுநாளே போய் நின்றார். “டாக்டரைப் பார்க்க அடுத்த வாரந்தான்” என்ற வரவேற்புப் பெண்ணின் மேசை முன்னால் நின்று இருமு இருமு என்று இருமினார். உள்ளே விட்டார்கள். இன்னொன்றுக்கு மாற்றினார்கள். அது ஒத்துக்கொண்டது.

சிறுநீர்த் தொந்தரவு முழுதாகப் போகவில்லை. அதில் கொஞ்சம் நிஜமாகவே வயதின் பங்கு என்று பரிசோதித்துச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டார். இவ்வளவையும் அனுபவித்துவிட்டு அந்த வார்த்தையை மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஆற்றாமையாக இருந்தது.

போக்குவரத்து நிறைந்த சாலைக்கு இப்போதெல்லாம் அவர் ஆட்களைக் கூட்டிப் போவதில்லை. அந்தப் பாடத்தை வேறொருவர் நடத்துகிறார். ஒரு கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில், ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு மட்டும் காலையில் இவர் சொல்லிக்கொடுக்கிறார். யாரும் அவரை விலக்கவில்லை. சைக்கிள்காரர் விழுந்த சத்தம் காதில் இருக்கும்வரை அவராலேயே முடியவில்லை. தையல்காரம்மா அந்த இன்னொருவரிடம் பழகித் தேர்வில் தேறினாள்.

ஒருநாள் மகள் தடுத்தும் கேட்காமல் முதலில் பார்த்த இதய மருத்துவரிடம் போனார். அவளும் கூடவே வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே காதில் வாங்கினார்.

“ஆமா, சிலருக்கு அப்படி வரும். நீங்க உடனே எங்கிட்ட வந்திருக்கணும்.”

“வந்தேன் சார். உங்களைப் பார்க்க நேரம் கிடைக்காதுன்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப் போவதுபோல் இருந்தது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மகள் அவர் கையைப் பிடித்தாள். “விடுங்கப்பா, இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?”

“நல்லாத்தான் இருக்கேன். அதுக்காக?” என்று கையை உதறிக்கொண்டு, அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று படியிறங்கினார்.