ஆறு மடங்குக்கும் கிடைக்காத கத்தி

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். நெல் மூட்டை சுமந்து முன்னுக்கு வந்து, இன்றைக்குப் பூதலூர் பக்கம் மூன்று அறுவடை மெஷினுக்குச் சொந்தக்காரன். ஆசைப்பட்டு எனக்குக் கிடைக்காமல் போன பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை வைத்திருந்தவர் மயிலாடுதுறை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஒல்லியான ஆள், கையில் வெள்ளைக் கையுறை. ஒரு மடக்குக் கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூச்சுக்கூடப் படாமல் துடைத்தார். பிடி மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. எனக்கு மனசு துள்ளியது.

"இந்த மாதிரி கத்தியைக் கம்பெனி கொஞ்சம்தாங்க போடும். சந்தா கட்டின எங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே ஆன்லைன்ல விற்பனையைத் திறந்துவிடுவாங்க. மறுநாள் மத்தவங்க வந்தா காலி. அப்புறம் எங்கிட்டதான் வரணும், மூணு மடங்கு விலைக்கு" என்றார்.

"அட, நானும் கதிர் முத்துறதுக்கு முன்னாடியே நெல்லுக்கு விலை பேசினவன்தான்! நாலு மடங்கு தரேன், கொடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"வெள்ளரிக்காய் நறுக்குவேன்."

பெட்டியைப் படக்கென்று மூடிவிட்டார். "மன்னிச்சுக்குங்க ஐயா. தரமாட்டேன்."

ஐந்து மடங்கு என்றேன். ஆறு என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அசையவில்லை.

கும்பகோணம் தாண்டியதும் பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஐயா, உங்ககிட்ட கத்தி ஏதாச்சும் இருக்குங்களா?"

என் பழைய கத்தியை எடுத்துக் கொடுத்தேன். நறுக்கி, பெரிய துண்டை எனக்குத்தான் நீட்டினார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே கும்பிடவும் தோன்றுகிறது.