உப்பு வியாபாரி வராத ஊர்

வாரமெல்லாம் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிற ஆள், ஞாயிறு மதியம் மட்டும் ஒரு நாட்டையே ஆட்டிப் படைப்பார். சாப்பாட்டு மேசையில் அவர் வரைந்த வரைபடம் விரியும். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கற்பனை நாட்டில் அலைவார்கள். எல்லாம் வாய்ப்பேச்சிலேயே நடக்கிற விளையாட்டு; பகடை விழுகிறபடி கதை நகரும். வழியில் எதிர்ப்படுகிற மிச்ச வேடம் எல்லாம் கண்ணாடிக்காரர் தலையில்.

ஆரம்பத்தில் ஒருவன் புதையல் என்பான், ஒருவன் போர் என்பான். கதை திசைக்கொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனது. அதைச் சேர்த்துக் கட்ட உப்பு வியாபாரி ஒருவனை நுழைத்தார். எந்த ஊருக்குப் போனாலும் மூட்டையோடு அவன் வந்து நிற்பான். அவனுக்கு ஒரு குரல் வேண்டுமே? செத்துப்போன அண்ணனின் கரகரத்த குரலைக் கொடுத்தார், தொண்டைச் செருமல் உட்பட.

பெரிய புத்திசாலி. அந்த மேசையில்தான் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்.

குரலைக் கேட்டதும் அண்ணி பகடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அண்ணிக்கு இதுதான் ஆறுதல் என்று கண்ணாடிக்காரர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். செத்தவனாகப் பேசிப் பேசி அவருக்கு உயிரே வறண்டுபோனது.

"அந்த வியாபாரியக் கொன்னு தொலைங்களேன்" என்பாள் மனைவி.

"அண்ணியோட முகத்தப் பாத்துட்டு எப்படிடி கொல்றது?"

ஒரு ஞாயிறு, அண்ணியின் வேடமான வில்லாளி, கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிளம்பினாள். மலை தாண்டி, ஆறு தாண்டி, வரைபடத்தின் ஓரத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு. கண்ணாடிக்காரர் வழக்கம்போல் செருமினார்.

"என்ன, இவ்வளவு தூரம் தனியாவா வந்தே?"

அண்ணி வில்லாளியாக இல்லாமல், அண்ணியாகவே கேட்டார்.

"நாலு பக்கமும் போய்ப் பாத்துட்டேன் தம்பி. அவர் வராத ஊர் ஒண்ணு இருந்தா காட்டுங்களேன். அங்க போயிடறேன்."

"அண்ணி, இந்தக் குரலுக்காகத்தானே நீங்க வரீங்கன்னு..."

"நீங்கதான் அண்ணன நெனச்சு ஏங்கிப் பேசறீங்கன்னு இருந்தேன். நடுவுல எழுந்து போனா மனசு கஷ்டப்படுவீங்களே."

கண்ணாடிக்காரர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து, ஊர் ஊராக விரலை வைத்துப் பார்த்தார். எல்லா ஊரிலும் அவனை நிறுத்தி வைத்திருந்தார்.